போக்கர் மேஜையில் எவ்வளவு பணத்தோடு உட்காருவது? ‘பை-இன்’ கணக்கு இதுதான்!

தேனாம்பேட்டையில் இருந்து கோவா டூர் கிளம்பும் நண்பர்கள் குழுவில், மாண்டோவி ஆற்றில் நிற்கும் கேசினோ கப்பலில் போக்கர் ஆடலாமா என்ற பேச்சு வருவதுண்டு. அப்படி ஆடினால் எவ்வளவு பணம் போடுவது? பார்க்கலாம்.

பை-இன் என்றால் என்ன?

மேஜையில் உட்காரும்போது சிப்ஸாக மாற்றும் தொகைதான் பை-இன். கட்டாயப் பந்தயமான ‘பிக் பிளைண்ட்’ ரூ.100 என்றால், அதன் 40 மடங்கு ரூ.4,000, 100 மடங்கு ரூ.10,000.

குறைவா, அதிகமா?

எதிரில் இருப்பவரிடம் ரூ.50,000 இருந்தாலும், ரூ.4,000 வைத்திருப்பவர் ஒரு ஆட்டத்தில் அதற்கு மேல் இழக்க முடியாது. அவரிடம் இருந்து அதற்கு மேல் ஜெயிக்கவும் முடியாது. ஆட்டத்தின் நடுவே பாக்கெட்டில் இருந்து பணம் சேர்க்கவும் அனுமதி இல்லை. எனவே புதியவருக்குக் குறைந்த பை-இன்தான் பாதுகாப்பு. மற்றவர்களைவிட நன்றாக ஆடத் தெரிந்தவருக்கே பெரிய தொகை கைகொடுக்கும்.

ஆனால், தோற்றதும் மீண்டும் மீண்டும் பணம் போட்டால் அந்தப் பாதுகாப்பும் காலி. அன்றைய மொத்தத் தொகையை முன்பே முடிவு செய்துவிட்டு, ஏடிஎம் கார்டை அறையிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.

சென்னையில் ஆடலாமா?

கோவா கேசினோக்களுக்கு அரசு உரிமம் உண்டு. சென்னையில் சூதாட்ட விடுதி நடத்துவதும், அங்கே சூதாடுவதும் 1888-ம் ஆண்டு சென்னை மாநகர காவல் சட்டப்படி குற்றம். ஆன்லைனில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகளுக்கும் 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் தடைச் சட்டம் நிறைவேற்றியுள்ளது.