கேட் திறந்திருந்தால் குற்றம் யாருடையது?

நாகப்பட்டினத்திலிருந்து கிளம்பிய இருப்புப்பாதை 1862இல் திருச்சிக்கு வந்து சேர்ந்தது. பின்னாளில் தென்னிந்திய ரயில்வேயின் தலைமையகமும் இங்கே அமைந்தது. இன்று பொன்மலை, ஸ்ரீரங்கம் தொடங்கிக் கடலூர்வரை உள்ள பாதைகள் திருச்சிக் கோட்டத்தின் பொறுப்பில் இருக்கின்றன. ரயில் நினைத்த இடத்தில் நிற்காது. ஆகவே கேட்டில் மோதல் நடந்தால் தப்பு வண்டி ஓட்டியவர்மேல்தான் என்பது அன்றுமுதல் ஊறிப்போன எண்ணம். சட்டத்தின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. விபத்தைத் தடுக்கும் சக்தி யார் கையில் இருந்ததோ, அவரிடமே முதல் கேள்வி கேட்க வேண்டும் என்ற இடத்துக்கு அது படிப்படியாக வந்திருக்கிறது.

1890ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்திலேயே, சாலை குறுக்கிடும் இடங்களில் கேட் போடவும், அதைத் திறந்து மூட ஆள் வைக்கவும் ரயில் நிர்வாகத்துக்கு அரசு உத்தரவிடலாம் என்று இருந்தது. அதிகாரம் ஏட்டில் இருக்க, ஆளில்லா கேட்டுகள் பெருகின. 1979இல் கேரளத்தில் அப்படியொரு கேட்டில் வாடகை வண்டிமீது ரயில் மோதி ஏறத்தாழ நாற்பது பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் 1997இல் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், மக்கள் நடமாட்டம் மிகுந்த இடத்தில் கேட்டும் ஆளும் வைக்காதது ரயில்வேயின் கவனக்குறைவே என்றது. ஓட்டுநரின் தவறை வண்டியில் இருந்த பயணிகள் தலையில் கட்ட முடியாது என்றும் சொன்னது.

ஓட்டுநருக்குக் கடமையே இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. ஆளில்லா கேட்டில் வண்டியை நிறுத்தி, இறங்கிப் பார்த்து, ரயில் வரவில்லை என்று உறுதிசெய்த பிறகே கடக்க வேண்டும் என்கிறது 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். நிற்காமல் போனால் சிறைத்தண்டனை என்கிறது 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டம். ஆனால் ஆள் காக்கும் கேட்டின் கதை வேறு. அங்கே கேட் திறந்திருப்பதே ‘வழி பத்திரம், போகலாம்’ என்று ரயில்வே தரும் உறுதிமொழி. இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை 1874லேயே இதை ஏற்றுக்கொண்டது.

திருச்சிக் கோட்டத்தைச் சேர்ந்த கடலூர் செம்மங்குப்பத்தில் 2025 ஜூலை 8 காலை பள்ளி வேன்மீது பயணிகள் ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். வேன் ஓட்டுநர்தான் கடக்க முயன்றார் என்று ரயில்வே முதலில் சொன்னது. கேட் மூடப்படவே இல்லை, மூடியதாகத் தகவல் மட்டும் போனது என்பது பிறகு விசாரணையில் தெரிந்தது. அப்படியானால் கேட் கீப்பர் ஒருவரே குற்றவாளி என்று கோப்பை மூடிவிடலாமா? அவர் பொறுப்பு பெரிது, மறுக்கவில்லை. ஆனால் அது, கேட்டையும் சிக்னலையும் பிணைக்கும் இன்டர்லாக்கிங் இல்லாத கேட். நிலைய அதிகாரி தொலைபேசியில் கேட்பார். கேட்டை மூடிவிட்டு கேட் கீப்பர் ஓர் எண்ணைச் சொல்வார். அந்த எண்ணை நம்பி ரயில் விடப்படும். இன்டர்லாக்கிங் இருந்தால் கேட் மூடாதவரை சிக்னலே விழாது. தூக்கமோ பொய்யோ உயிரை எடுக்காது. அந்த வசதியைச் செய்யும் அதிகாரம் கேட் கீப்பரிடம் இல்லை.

விபத்துக்குப் பிறகுதான், இன்டர்லாக்கிங் செய்வதற்கான, கேட்டைக் கடக்கும் ரயில்களையும் வாகனங்களையும் வைத்துக் கணக்கிடும் போக்குவரத்து அளவுகோல் 20,000 அலகுகளிலிருந்து 10,000 ஆகக் குறைக்கப்பட்டது. இதை முன்பே செய்திருக்க முடியும். இனி ஒவ்வொரு விசாரணையும் கேட் கீப்பரோடு நின்றுவிடாமல், அந்த கேட்டை அந்த நிலையில் விட்டுவைத்தது யார் என்பதையும் எழுதிப் பதிவு செய்ய வேண்டும்.