கப் ஒண்ணு, பங்கு எத்தனை? ஊர் போட்டிகளில் பரிசுப் பணத்தை சண்டை இல்லாமல் பிரிப்பது எப்படி?

வேலூரிலிருந்து சுமார் 25 கிலோமீட்டரில், ஜவ்வாது மலை அடிவாரத்தில் இருக்கிறது அமிர்தி. வெளியூர்க்காரர்களுக்கு அது அருவியும் வன உயிரியல் பூங்காவும்தான். மலையடிவாரக் கிராமத்து இளைஞர்களுக்கோ ஞாயிற்றுக்கிழமை என்றால் டென்னிஸ் பால் கிரிக்கெட், கபடி, வாலிபால். பொங்கல் வந்துவிட்டால் அணைக்கட்டு, கணியம்பாடி வட்டாரங்களில் எருது விடும் விழாவும் சேர்ந்துகொள்ளும்.

எல்லாப் போட்டிக்கும் நோட்டீஸ் உண்டு, பரிசு உண்டு. பரிசு கொடுத்து முடித்த பிறகு ஒரு பஞ்சாயத்தும் பெரும்பாலும் உண்டு. "எல்லா மேட்ச்சும் ஆடினவனுக்கும் ஒரே மேட்ச் ஆடினவனுக்கும் ஒரே பங்கா?", "ஸ்பான்சர் சொன்ன பணம் எங்கே?" என்ற கேள்விகளில் உடைந்துபோன டீம்கள் ஏராளம்.

பரிசுப் பணத்தை நியாயமாகப் பிரிக்க என்னென்ன முறைகள் இருக்கின்றன? பெரிய போட்டிகளில் என்ன செய்கிறார்கள்? பார்க்கலாம்.

முதல் கேள்வி: பணம் யாருடையது?

எப்படிப் பிரிப்பது என்பதற்கு முன், பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும்.

கடைக்காரரோ ஊர்ப் பெரியவரோ கொடுத்த நன்கொடை என்றால், அது ஜெயித்தவருக்கான வெகுமதி. முதல் பரிசு பெரிதாக இருப்பதில் தவறில்லை. ஆனால் ஆடுபவர்களே நுழைவுக் கட்டணமாகப் போட்ட பணம் என்றால், அதில் கடைசி இடம் வந்த டீமின் காசும் இருக்கிறது. மொத்தத்தையும் ஒரே டீமுக்குக் கொடுத்தால், அடுத்த வருஷம் பாதி டீம்கள் பெயர் கொடுக்காது.

அமெரிக்காவில் பொழுதுபோக்காக நடக்கும் டென்பின் பவுலிங் லீக்குகள் இதற்கு நல்ல உதாரணம். கனமான பந்தை உருட்டி 10 பின்களைச் சாய்க்கும் விளையாட்டு அது. வாரா வாரம் ஒவ்வொருவரும் கட்டும் தொகையில் ஒரு பகுதி ஆடும் இடத்துக்கான கட்டணமாகப் போகும். மீதி பரிசு நிதியில் சேரும். சீசன் முடிவில் அந்த நிதியைப் பிரிப்பார்கள். எல்லோரும் போட்ட பணம் என்பதால், முதலிடத்துக்கு அதிகம் கொடுத்தாலும் கீழே உள்ள டீம்களுக்கும் ஏதாவது கிடைக்கும்படி பட்டியல் போடுவது அங்கே சகஜம். திறமை குறைந்தவர்களுக்கு முன்கூட்டியே சில புள்ளிகள் சேர்த்துக் கொடுக்கும் ஹேண்டிகேப் முறையும் உண்டு. அதனால் புதிதாக வந்தவருக்கும் பரிசு வாய்ப்பு இருக்கும்.

எருது விடும் விழாவிலும் இதே யோசனைதான். குறிப்பிட்ட தூரத்தைக் குறைந்த நேரத்தில் கடக்கும் காளைக்கு முதல் பரிசு. ஆனால் பட்டியல் அதோடு நிற்காது. பல ஊர்களில் முப்பது, நாற்பது பரிசு வரை தொகை குறைந்துகொண்டே போகும். காளையை வண்டி பிடித்து ஏற்றி வருபவருக்குச் செலவு இருக்கிறதே!

மூன்று முறைகள்: ஒரு கணக்கு

உதாரணத்துக்கு ஒரு கிரிக்கெட் போட்டி. 12 டீம்கள், நுழைவுக் கட்டணம் தலா 2,000 ரூபாய். மொத்தம் 24,000. நன்கொடை 16,000. ஆக 40,000 ரூபாய். பந்து, அம்பயர், மைக் செட், தண்ணீர் என்று செலவு 10,000. கையில் நிற்பது 30,000.

முறை 1: மேலே இருப்பவருக்கே எல்லாம்
முதல் பரிசு 20,000, இரண்டாம் பரிசு 10,000. நோட்டீஸில் பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். மீதி 10 டீம்கள் வெறுங்கையோடு வீட்டுக்குப் போகும்.

முறை 2: சதவீதப் பங்கு
- முதல் பரிசு 40%: 12,000
- இரண்டாம் பரிசு 25%: 7,500
- அரையிறுதியில் தோற்ற இரண்டு டீம்களுக்கு தலா 10%: 3,000 வீதம் 6,000
- தொடர் நாயகன், சிறந்த பேட்டர், சிறந்த பவுலர் மூவருக்கும் சேர்த்து 15%: தலா 1,500 வீதம் 4,500

முறை 3: ஒவ்வொரு வெற்றிக்கும் காசு
12 டீம்களை இரண்டு பிரிவாகப் பிரித்தால் லீக் சுற்றில் 30 மேட்ச். ஒரு வெற்றிக்கு 300 ரூபாய் என்றால் 9,000. மீதி 21,000-ல் முதல் பரிசு 10,000, இரண்டாம் பரிசு 6,000, அரையிறுதியில் தோற்றவர்களுக்கு தலா 2,500. இதில் ஒரு லாபம்: வாய்ப்பு போய்விட்ட டீமும் கடைசி மேட்ச்சை விட்டுக்கொடுக்காமல் ஆடும்.

மூன்றாவது முறை உலக செஸ் சாம்பியன்ஷிப்பிலேயே இருக்கிறது. 2024 டிசம்பரில் சிங்கப்பூரில் சென்னையின் குகேஷ், சீனாவின் டிங் லிரெனை வென்றபோது மொத்தப் பரிசு 25 லட்சம் டாலர். ஒவ்வொரு ஆட்ட வெற்றிக்கும் 2 லட்சம் டாலர், மீதி இருவருக்கும் சமம் என்பது விதி. குகேஷ் 3, டிங் 2 ஆட்டங்களில் வென்றார்கள். அதற்கு 10 லட்சம் போக மீதி 15 லட்சத்தில் ஆளுக்கு 7.5 லட்சம். குகேஷுக்கு 13.5 லட்சம் டாலர், தோற்ற டிங்குக்கு 11.5 லட்சம் டாலர் கிடைத்தது.

மழை வந்தால்? சமமாக முடிந்தால்?

2002 சாம்பியன்ஸ் டிராபி இறுதிப் போட்டி கொழும்பில் இரண்டு நாளும் மழையில் கரைந்தது. இந்தியாவும் இலங்கையும் கூட்டாகச் சாம்பியன் என்று அறிவிக்கப்பட்டன. ஊர் போட்டியிலும் இதே வழிதான் நல்லது. முறை 2-ன்படி முதல் இரண்டு பரிசுகளையும் கூட்டினால் 19,500. ஆளுக்குப் பாதி, 9,750. டாஸ் போட்டுப் பார்க்க வேண்டிய அவசியமில்லை. கோல்ஃப் போட்டிகளிலும் ஒரே இடத்தைப் பகிர்ந்தவர்களுக்கு, அந்த இடங்களின் பரிசுகளைக் கூட்டிச் சமமாகப் பிரிக்கிறார்கள்.

கேரம், செஸ் போன்ற தனிநபர் போட்டிகளில் இன்னொரு வழி இருக்கிறது. செஸ் கிராண்ட்மாஸ்டர் ஹோர்ட் பெயரில் வழங்கும் முறை அது. சமப் புள்ளி எடுத்தவர்களுக்குப் பரிசில் பாதி, டைபிரேக் வரிசைப்படி போகும். மறு பாதி சமமாகப் பிரிக்கப்படும். முதல் பரிசு 5,000, இரண்டாம் பரிசு 3,000 என்றால், டைபிரேக்கில் முந்தியவருக்கு 4,500, மற்றவருக்கு 3,500.

டீமுக்குள் எப்படிப் பிரிப்பது?

சண்டை அதிகம் வருவது இங்கேதான். கேப்டன் கையில் 12,000 ரூபாய். டீமில் 14 பேர். என்ன செய்யலாம்?

- முதலில், நுழைவுக் கட்டணம் 2,000-ஐ கைக்காசு போட்டவருக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். மீதி 10,000.
- சமப் பங்கு என்றால் 14 பேருக்கும் சுமார் 714 ரூபாய். எளிது. ஆனால் ஒரே மேட்ச் ஆடினவருக்கும் அதே தொகை.
- ஆடிய மேட்ச் கணக்கு என்றால்: லீக் 5, அரையிறுதி, இறுதி என 7 மேட்ச். மேட்ச்சுக்கு 11 பேர் வீதம் 77 பங்கு. பங்குக்கு 125 ரூபாய் வைத்தால் 9,625. ஏழு மேட்ச்சும் ஆடியவருக்கு 875, இரண்டு மட்டும் ஆடியவருக்கு 250. மிச்சம் 375 ரூபாயில் அடுத்த வாரத்துக்குப் பந்து வாங்கிக்கொள்ளலாம்.

அப்படியானால் வாரா வாரம் வந்து, களமிறங்காமல் தண்ணீர் பாட்டில் தூக்கிய தம்பிக்கு? அவரையும் வந்த மேட்ச்சுக்கு அரைப் பங்கு என்று கணக்கில் சேர்க்கலாம். அதை முதல் மேட்ச்சுக்கு முன்பே பேசிவிட வேண்டும். பணம் கைக்கு வந்தபின் பேசினால், ஒவ்வொருவரும் தனக்குச் சாதகமான விதியைத்தான் சொல்வார்கள்.

இந்த விஷயத்தில் ராகுல் டிராவிட்டின் பெயர் அடிக்கடி வரும். 2018-ல் 19 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையை இந்தியா வென்றதும், பயிற்சியாளர் டிராவிட்டுக்கு 50 லட்சம், வீரர்களுக்கு தலா 30 லட்சம், மற்ற பயிற்சிக் குழுவினருக்கு தலா 20 லட்சம் என்று பிசிசிஐ அறிவித்தது. ஒரே வேலை செய்த குழுவுக்குள் இத்தனை வித்தியாசம் வேண்டாம் என்றார் டிராவிட். கடைசியில் அவர் உட்பட பயிற்சிக் குழுவினர் எல்லோருக்கும் தலா 25 லட்சம் என்று மாற்றப்பட்டது. அவருக்குப் பாதி குறைந்தது, மற்றவர்களுக்கு 5 லட்சம் கூடியது.

தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் கோப்பைப் போட்டிகளில் இந்தச் சிக்கலே வராது. மாநில அளவில் குழு விளையாட்டுகளுக்கு 'டீமுக்கு இவ்வளவு' என்று சொல்லாமல், வீரர் ஒவ்வொருவருக்கும் தலா இவ்வளவு என்றே பரிசை அறிவிக்கிறார்கள்.

பெண்கள் பிரிவுக்கு எவ்வளவு?

சில ஊர் போட்டிகளில் பெண்கள் பிரிவுக்குப் பணத்துக்குப் பதில் பாத்திரமும் குடமும் கொடுக்கிறார்கள். ஐசிசி 2023 ஜூலையிலேயே தன் போட்டிகளில் ஆண், பெண் இருபாலருக்கும் சமப் பரிசுத் தொகை என்று முடிவு செய்துவிட்டது. பெண்கள் பிரிவில் டீம்கள் குறைவு என்றால், தொகையைச் சமமாக வைத்துப் பரிசுகளின் எண்ணிக்கையைக் குறைக்கலாம்.

போட்டி தொடங்கும் முன் செய்ய வேண்டியவை

- நோட்டீஸில் ரூபாய்க்குப் பதில் சதவீதம் போடுங்கள். ஸ்பான்சர் கடைசி நேரத்தில் கைவிரித்தாலும் விகிதம் மாறாது. தொகையைப் போட்டே ஆக வேண்டும் என்றால், பணம் கைக்கு வந்த பிறகு போடுங்கள்.
- வரவு செலவை இரண்டு பேர் பார்க்கட்டும். அவர்களில் ஒருவர் எந்த டீமிலும் ஆடாதவராக இருப்பது நல்லது.
- மழை, டை, பாதியில் விலகும் டீம் ஆகிய மூன்றுக்கும் விதி எழுதி, எல்லா கேப்டன்களிடமும் கையெழுத்து வாங்குங்கள்.
- பரிசளிப்பு மேடையிலேயே மொத்த வரவு, செலவு, பரிசுத் தொகையை மைக்கில் வாசித்துவிடுங்கள். கணக்குத் தாளை வாட்ஸ்அப் குரூப்பிலும் போடுங்கள்.
- பெரிய தொகை என்றால், வரி விஷயத்தை ஒரு ஆடிட்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்த முறை சரி என்பதில் ஊருக்கு ஊர் கருத்து மாறும். ஆனால் முதல் பந்து போடும் முன் எல்லோரும் ஒப்புக்கொண்ட விதி என்றால், தோற்றவர்கூட பெரும்பாலும் அதை ஏற்றுக்கொள்வார். ஆளுக்கு 875 ரூபாய் ஒரு மாதத்தில் செலவாகிவிடும். அந்தப் பணத்துக்காக முறிந்த நட்பு, அடுத்த பொங்கலுக்கு டீம் சேர்க்கும்போதுதான் கணக்குக்கு வரும்.