மிச்சச் சோறும் பக்கெற் சாப்பாடும்: 'இயற்கை' என்ற சொல் வந்த வழி

காரைநகர்ப் பக்கம் 'நாய்ச் சாப்பாடு' என்று தனியாக ஒரு சாமான் இருந்ததில்லை. வீட்டில் சமைத்ததில் மிஞ்சினது நாய்க்கு, மீன் வெட்டுற இடத்தில் தலையும் குடலும் பூனைக்கு. அவ்வளவுதான். இண்டைக்கு யாழ்ப்பாண ரவுனில ஒரு சூப்பர்மார்க்கெற்றுக்குள்ள போனா, ஒரு தட்டு முழுக்க நாய், பூனைப் படம் போட்ட பக்கெற்றுகள். சிலதில் 'இயற்கையானது' என்று பச்சை எழுத்து. "நாய்க்குச் சோறு போடக் கூடாது, பக்கெற்தான் நல்லது" என்று ஒரு பக்கம் சொல்லுவினம். "பக்கெற் எல்லாம் கெமிக்கல்" என்று மற்றப் பக்கம் சொல்லுவினம். இந்த இரண்டு கதையும் எங்கேயிருந்து வந்தது என்று பார்த்தால், ஒரு 160 வருட வியாபார வரலாறு கிடைக்கிறது.

அதுக்கு முதல் ஒரு பழைய கணக்கு. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில், பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் காலத்து நடுகல் ஒன்று இருக்கிறது. 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. மாட்டு மந்தையைக் காக்கப் போய் இறந்த வீரனோடு, கள்ளரைக் கடித்துக் காவல் நிண்ட 'கோவிவன்' என்ற நாயின் பெயரும் அதில் வெட்டப்பட்டிருக்கிறது. பெயர் வைத்து, கல்லும் நட்ட அந்த நாய் எந்தப் பக்கெற்றையும் கண்டதில்லை. மனுசர் சாப்பிட்டதில் பங்குதான் அதற்கும் கிடைத்திருக்கும். நாயின் உடம்பும் அதற்கு ஏற்ற மாதிரி மாறியது. 2013இல் சுவீடன் ஆய்வாளர்கள் வெளியிட்ட மரபணு ஆய்வில், மாப்பொருளைச் செரிக்க உதவும் ஒரு மரபணு ஓநாயில் 2 பிரதிகளாகவும் நாயில் 4 முதல் 30 வரையாகவும் இருப்பது தெரிந்தது. ஆகவே, நாய்க்குச் சோறு ஒத்துவராது என்ற பேச்சு நிற்காது. பூனையின் கதை வேறு. அதைப் பிறகு பார்ப்போம்.

வியாபாரம் தொடங்கியது 1860 அளவில், லண்டனில். இடிதாங்கி விற்கப் போன ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர், துறைமுகத்தில் கப்பல்காரர் எறிஞ்ச காய்ஞ்ச பிஸ்கற்றை நாய்கள் தின்பதைக் கண்டாராம். கப்பலில் மாதக்கணக்காகப் பழுதாகாமல் இருக்கச் சுட்ட கல்லுப் பிஸ்கற் அது. எங்கட கடற்கோட்டைக்கு வந்து போன ஒல்லாந்தக் கப்பல்களிலும் அப்படியான பிஸ்கற்தான் இருந்திருக்கும். ஸ்ப்ராட் கோதுமை, மரக்கறி, பீற்றூட், காய்ந்த மாட்டிறைச்சி சேர்த்து நாய்க் கேக் செய்து, வேட்டை நாய் வளர்த்த இங்கிலாந்துப் பணக்காரருக்கு விற்றார். அவருடைய கொம்பனியில் வேலை செய்த சார்ள்ஸ் க்ரஃப்ட் என்பவர்தான் 1891இல் தன் பெயரிலேயே நாய்க் கண்காட்சி தொடங்கினார். அது இண்டைக்கும் நடக்கிறது. நல்ல நாய் எது என்று காட்டுகிற மேடையும் நாய்ச் சாப்பாடு விற்கிற கடையும் ஒரே இடத்திலிருந்து வளர்ந்தவை என்பதைக் கவனியுங்கோ.

அடுத்த கட்டம் அமெரிக்கா. முதலாம் உலகப் போர் முடிய, லொறியும் ட்ரக்டரும் வர, குதிரைகளுக்கு வேலை இல்லாமல் போனது. 1922இல் இலினோய் மாநிலத்தில் அந்தக் குதிரை இறைச்சியை ரின்னில் அடைத்து நாய்க்கு விற்கத் தொடங்கினார்கள். இரண்டாம் உலகப் போரில் தகரம் ஆயுதத்துக்குத் தேவைப்பட்டதால் ரின் குறைந்து, காய்ந்த உணவு முன்னுக்கு வந்தது. 1950களில் மாவை அவித்து, அமுக்கி, பொரியாக ஊதவைக்கும் இயந்திரம் வந்தது. இண்டைக்கு நாங்கள் காண்கிற உருண்டைகள் அதன் பிள்ளைகள். மேசை மிச்சம் நாய்க்குக் கூடாது என்ற பிரசாரமும் அந்தக் காலத்தில்தான் உற்பத்தியாளர்களால் பலமாக நடத்தப்பட்டது. விற்கிறவனுக்கு மிச்சச் சோறுதானே போட்டி!

அப்ப பக்கெற் எல்லாம் ஏமாற்றா? இல்லை. இங்கேதான் பூனை வருகிறது. பூனைக்கு டோரின் என்ற சத்து இறைச்சியிலோ மீனிலோ இருந்து கிடைத்தே ஆகவேண்டும். 1987இல் கலிஃபோர்னியாவில் மிருக வைத்தியர் போல் பியனும் அவருடைய குழுவும், பூனைகளின் இதயம் வீங்கிப் பலவீனமாவதற்கு டோரின் குறைவு காரணம் என்று கண்டுபிடித்தார்கள். அந்தப் பூனைகள் தின்றது கடையில் விற்ற, 'முழுமையான உணவு' என்று எழுதியிருந்த பக்கெற்றுகள். கொம்பனிகள் டோரினைக் கூட்டிச் சேர்த்தன, நோய் குறைந்தது. பிழையும் பக்கெற்றில் வந்தது, திருத்தமும் பக்கெற்றில் வந்தது.

2007இல் நடந்தது இன்னும் மோசம். சீனாவிலிருந்து வந்த கோதுமைப் புரதத்தில் மெலமைன் கலந்திருந்தது. புரதத்தை அளக்கும் சோதனை உண்மையில் நைதரசனைத்தான் அளக்கும், மெலமைனில் நைதரசன் கூட. வட அமெரிக்காவில் நாய்களும் பூனைகளும் சிறுநீரகம் பழுதாகிச் செத்தன. ஒரு கொம்பனி மட்டும் சுமார் 6 கோடி ரின்களையும் பைகளையும் திரும்பப் பெற்றது. அடுத்த வருடமே அதே மெலமைன் சீனாவில் குழந்தைப் பால்மாவில் வந்தது: 6 குழந்தைகள் இறந்தன, சுமார் 3 இலட்சம் பேர் நோயுற்றார்கள். நாய்க்கு வந்த எச்சரிக்கையை உலகம் மனுசருக்கு எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தப் பயத்துக்குப் பிறகு 'இயற்கை', 'தானியம் இல்லாதது' போன்ற சொற்களுக்கு மவுசு கூடியது. ஆனால் 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம், தானியத்துக்குப் பதிலாகப் பட்டாணி, பருப்பு நிறைந்த சில உணவுகளுக்கும் நாய்களின் இதய நோய்க்கும் தொடர்பு இருக்குமோ என்று விசாரிக்கத் தொடங்கியது. தொடர்பு முடிவாக நிரூபிக்கப்படவில்லை. ஆனாலும் ஒன்று விளங்குகிறது: 'இயற்கை' என்பது பொருள் எங்கிருந்து வந்தது என்பதைத்தான் சொல்லும், சத்து போதுமா என்பதைச் சொல்லாது.

அப்ப பக்கெற்றில் எதைப் பார்க்கிறது? 'முழுமையான, சமநிலை உணவு' என்ற வசனமும், அது எந்த வயதுக்கு என்பதும் இருக்கவேண்டும். முன்பக்கச் சொற்களை நம்பாதேங்கோ. அமெரிக்க விதிப்படி 'கோழியுடன்' என்று போட 3 வீதம் கோழி போதும். ரின்னையும் காய்ந்ததையும் ஒப்பிடும்போது தண்ணீரைக் கழியுங்கோ. 78 வீதம் தண்ணீரும் 8 வீதம் புரதமும் உள்ள ரின்னில், தண்ணீர் போக மிஞ்சும் 22இல் 8 பங்கு புரதம், அதாவது 36 வீதம். 10 வீத ஈரமும் 22 வீதப் புரதமும் உள்ள உருண்டையில் அது 24 வீதம்தான்.

வீட்டுச் சாப்பாட்டுக்கும் விதி இருக்கு. வெங்காயம் நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு. அதனால் கறி வைக்க முதலே சூடை மீனில் கொஞ்சத்தை எடுத்து, உப்பு தூள் இல்லாமல் அவித்து, அந்தத் தண்ணியோடயே குடுங்கோ. டோரின் தண்ணியில் இறங்கும். சில மீன்களைப் பச்சையாகவே தொடர்ந்து குடுத்தால் ஒரு வகை பி விற்றமின் அழியும். அவிச்ச எலும்பு உடைஞ்சு குடலில் குத்தும். வெறும் சோறு வயிற்றை நிரப்பும், வளர்க்காது.

1991இல் காரைநகர்ச் சனம் இடம்பெயர்ந்தபோது அடுப்புகளும் நூர்ந்தன. அந்த அடுப்புகளை நம்பியிருந்த பிராணிகளுக்கு வேறு சாப்பாடு இருக்கவில்லை. 2022இல் டொலர் இல்லாமல் போனபோது, கப்பலில் வருகிற எந்தப் பக்கெற்றையும் நம்பியிருக்க ஏலாது என்பது நாடு முழுக்க விளங்கியது. சம்பளம் ஒன்றில் ஓடுகிற வீட்டிடம் "பக்கெற் வாங்காட்டில் நாய் வளர்க்காதே" என்று சொல்வது வரலாறு தெரியாத பேச்சு. "மிச்சத்தைப் போடு, அது பார்த்துக்கொள்ளும்" என்பதும் அந்தப் பூனைகளின் கதை தெரியாத பேச்சுத்தான். வசதி உள்ளவர் பக்கெற்றைப் புரட்டிப் பின்பக்கம் வாசிக்கட்டும். இல்லாதவர் கறிக்கு முதல் இரண்டு மீனை எடுத்து வைக்கட்டும்.