நாய் வண்டி போன பிறகு

ருக்மிணி தேவி அருண்டேல் பாடுபட்டுக் கொண்டுவந்த சட்டத்திலேயே தெருநாய்க்கு இடமில்லாமல் போனது. 1952-இல் மாநிலங்களவைக்கு நியமன உறுப்பினராகப் போனவர், மிருகவதைத் தடுப்புக்கு ஒரு தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அரசே சட்டம் கொண்டுவரும் என்று நேரு சொன்னதால் அதைத் திரும்பப் பெற்றார். 1960-இல் சட்டம் வந்தது. எதெல்லாம் வதை என்று அதன் 11-ஆவது பிரிவு நீளமாகப் பட்டியல் போடுகிறது. எதெல்லாம் வதை ஆகாது என்றும் கூடவே சொல்கிறது. காயடிப்பது, சூடு போடுவது, மூக்கணாங்கயிறு போடுவது எல்லாம் இந்த வதை ஆகாத பட்டியலில் உண்டு. தெருநாயைக் கூண்டில் அடைத்துக் கொல்வதும் உண்டு. எழுபதுகளின் கடைசியில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் எங்களுக்கு இந்தப் பிரிவை நடத்தியபோது வகுப்பில் யாரும் தலைநிமிரவில்லை. காரணம், அது ஊரறிந்த விஷயம். தெருநாய்களைப் பிடித்துப்போகும் கார்ப்பரேஷன் நாய் வண்டியைப் பார்க்காத மெட்ராஸ்காரர் யார்?

எங்கள் கல்லூரியே நாய்க்காகத் தொடங்கியது அல்ல. 1903 அக்டோபரில் வேப்பேரி டாபின் ஹாலில் இருபது மாணவர்களோடு தொடங்கியபோது சர்க்காரின் கவலையெல்லாம் மாடும் குதிரையும்தான். வெக்கை நோய் வந்தால் கிராமம் கிராமமாக மாடு சாயும், வரி வசூலும் சாயும். 1936-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்து, நாட்டிலேயே முதன்முதலாகக் கால்நடை மருத்துவத்துக்குப் பட்டம் கொடுத்த கல்லூரி இது. அந்தப் பெருமை எங்களுக்கு இன்றும் உண்டு. ஆனால் நான் படித்த காலத்தில்கூட நாய் என்றால் காரில் வந்து இறங்கும் அல்சேஷன், பொமரேனியன். தெருநாய் வந்தால் அது ரோட்டில் அடிபட்டதாக இருக்கும், யாராவது இரக்கப்பட்டு ரிக்‌ஷாவில் போட்டு எடுத்து வந்திருப்பார்கள். புண்ணில் புழு நெளியும். டர்பன்டைனை விட்டதும் ஒவ்வொன்றாக மேலே வரும், நாங்கள் இடுக்கியால் எடுத்துப்போட வேண்டும். முதலாண்டுப் பையன்களுக்கு அதுதான் முதல் பரீட்சை.

வேண்டாத பிராணியை அடைத்துவைக்க வெள்ளைக்காரன் ஊர்தோறும் கட்டியது பவுண்டி. 1871-ஆம் ஆண்டுச் சட்டப்படி, பயிரில் மேய்ந்த மாட்டை ஓட்டிக்கொண்டுபோய் அதில் அடைப்பார்கள். சொந்தக்காரன் அபராதம் கட்டி மீட்க வேண்டும், இல்லையென்றால் ஏலம். மாடு விலைபோகும் என்பதால் அதற்குத் தண்ணியும் வைக்கோலும் கிடைத்தன. நாய்க்கு ஏலம் கேட்க யார் வருவார்கள்? சென்னை மாநகராட்சி 1860 முதலே தெருநாய்களைப் பிடித்துக் கொன்றுவந்ததாக விலங்கு நல அமைப்பான ப்ளூ கிராஸ்காரர்கள் சொல்கிறார்கள். கடைசிக் காலத்தில் மின்சாரம் பாய்ச்சிக் கொன்றார்கள். 1990-களில் சில நாட்களில் நூற்றைத் தாண்டியதாம்.

கொன்றவர்களை அரக்கர்கள் என்று சொல்லிவிட எனக்கு மனம் வரவில்லை. வெறிநோய்ப் பயம் அப்படி. வெறிநாய் கடித்து ஓர் ஆங்கிலேயப் பெண் 1902-இல் இறந்த பிறகுதான் குன்னூரில் பாஸ்டர் நிலையத்துக்குப் பேச்சு எழுந்தது, 1907-இல் அது திறந்தது. ஆட்டு மூளையிலிருந்து செய்த மருந்தைத் தொப்புளைச் சுற்றி நாள்தோறும் போட்டுக்கொண்ட தலைமுறை நாங்கள். கடிபட்டவர் வீட்டில் ஊசி முடியும்வரை யாருக்கும் சோறு இறங்காது. ஆனால் அத்தனை ஆண்டு கொன்றும் நாய் குறைந்ததா? குப்பைத்தொட்டி அப்படியே இருந்தது. ஒரு தெருவில் நாய்களைத் துடைத்து எடுத்தால் பக்கத்துத் தெருவிலிருந்து வேறு நாய்கள் வந்தன, மிச்சமிருந்த பெட்டை இரண்டு ஈற்றில் கணக்கைச் சரிசெய்துவிட்டது.

இதை முதலில் கணக்காகப் பார்த்தவர் மருத்துவர் அல்ல, விமானி. தி.நகர் தெருவில் மழைவெள்ளத்தில் தத்தளித்த இரண்டு குட்டிகளைக் கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் வீட்டுக்குத் தூக்கிவந்த கதை பலருக்கும் தெரியும். அவர் மனைவி உஷாவும் விமானி. அவர்கள் தொடங்கிய ப்ளூ கிராஸ் 1964-இல் பதிவானது. குடும்பக் கட்டுப்பாடு மனிதனுக்கு ஆகுமென்றால் நாய்க்கும் ஆகும் என்று அவர்களும் மகன் சின்னி கிருஷ்ணாவும் மாநகராட்சியின் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்கள். அந்தக் கதவு திறக்க முப்பது வருஷத்துக்கு மேல் ஆனது.

எங்கள் தொழில் சும்மா இருந்ததா என்றால், பாதி உண்மை. அறுவை எங்களுக்குத் தெரியும். ஆனால் பெட்டை நாய்க்குக் கருப்பை எடுத்தால் பட்டுநூலிலோ நைலானிலோ தோலைத் தைப்போம். எட்டு, பத்து நாள் கழித்துத் தையல் பிரிக்க வேண்டும். வீட்டு நாயென்றால் எஜமானர் அழைத்து வருவார். தெருநாயை அதுவரை கூண்டில்தான் வைக்க வேண்டும். அந்தப் பத்து நாளில்தான் ஆபத்து. டிஸ்டெம்பர் ஒரு நாயின் தும்மலில் பக்கத்துக் கூண்டுக்குப் போகும். பார்வோ அதைவிட மோசம். உலகத்துக்கே அது 1978 வாக்கில் வந்த புது நோய். இந்தியாவில் முதலில் பதிவானது சென்னையில், எண்பதுகளின் தொடக்கத்தில். ரத்தபேதி வாடையை வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவோம். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் கிடக்கும், ஃபினாயிலுக்கு அசையாது, பிளீச்சிங் பவுடர்தான் வேண்டும். தர்மகாரியமென்று எல்லா நாயையும் ஒரே கொட்டகையில் சேர்த்தவர்கள் குட்டிகளை வாரிக் குழியில் போட்டதைப் பார்த்திருக்கிறேன். நல்ல மனசு இருந்தது, தடுப்புச்சுவர் இல்லை. அன்றிலிருந்து என் கட்சி ஒன்றுதான்: தெருநாய்க்குக் காப்பகம் சத்திரமாக இருக்க வேண்டும், வந்த வேலை முடிந்ததும் கிளம்பிவிட வேண்டும்.

அதற்கு வழிவிட்டதில் ஒரு நூலுக்கும் பங்குண்டு. உடம்பிலேயே கரைந்துபோகும் நூலால் தோலுக்கு அடியில் தைக்கப் பழகியதும் தையல் பிரிக்கும் வேலை போனது. புண்ணின் அளவும் சுருங்கியது. வலைபோட்டுப் பிடித்த இடத்தை நோட்டில் எழுதி, கழுத்தில் எண் கட்டி, ராத்திரி பட்டினி போட்டு, காலையில் மயக்கம் கொடுத்து அறுவை. மயக்கம் தெளிவதற்குள் காதில் சின்ன வெட்டு, வெறிநோய்த் தடுப்பூசி. நான்கைந்து நாளில் அதே தெருவில் விட்டுவிடலாம். அதே தெரு என்பது முக்கியம். எண் மாறி வேறு தெருவில் இறக்கினால் அங்கிருக்கும் நாய்கள் புதிதாய்த் தைத்த வயிற்றைக் கிழித்துவிடும். நோட்டு எழுதும் பையனைத்தான் நான் அதிகம் விரட்டியிருக்கிறேன், டாக்டர்களை அல்ல.

1996-இல் சென்னை மாநகராட்சி கொல்வதை விட்டு இந்த வழிக்கு வந்தது. 2001-இல் மத்திய அரசு இதையே நாடு முழுக்க விதியாக்கியது, 2023-இல் திருத்தி எழுதியது. விதி இருந்ததே ஒழிய, பல ஊர்களில் அறுவைக்கூடமும் ஆளும் இல்லை. கடி குறையாத ஊரில் மக்கள் கோபப்படுவதில் தப்பே இல்லை.

அந்தக் கோபம்தான் 2025-இல் உச்ச நீதிமன்றம் போனது. ஆகஸ்ட் 11 அன்று, டெல்லி வட்டாரத் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகத்திலேயே வைக்க வேண்டும் என்றது. 22-ஆம் தேதி, அறுவையும் தடுப்பூசியும் முடித்து அதே இடத்தில் விடலாம் என்று மாற்றியது. நவம்பரில், பள்ளி, மருத்துவமனை, பஸ் நிலையம் போன்ற இடங்களில் பிடித்தவற்றைத் திரும்ப விடக்கூடாது என்றது. பிள்ளைகள் நடமாடும் இடமென்பதால் அதை நான் எதிர்க்கவில்லை. ஆனால் அந்த நாய்களுக்குச் சத்திரம் போதாது, ஆயுசு முழுக்க இருக்க இடம் வேண்டும். அந்த மாதிரி ஒரு கொட்டகைக்கு வரைபடம் போட்ட இன்ஜினியர் ஒருவர், எத்தனை நாய் பிடிக்கும் என்று என்னைக் கேட்டார். வடிகால் எந்தப் பக்கம் போகிறது, புதிதாக வருவதை இரண்டு வாரம் தனியாக வைக்க அறை எங்கே, ராத்திரி டூட்டிக்கு யார் என்று கேட்டேன். வரைபடத்தில் வடிகால் நோய்க்கூண்டில் தொடங்கிக் குட்டிகள் இருக்கும் பக்கமாகப் போயிற்று. பென்சிலை வாங்கித் திருப்பிப் போட்டுக் கொடுத்தேன்.