காலநிலை வழக்குச் செய்திகளின் நிதிப் பின்புலம்

காலநிலை வழக்குச் செய்திகளின் நிதிப் பின்புலம் என்பது, எண்ணெய், நிலக்கரி நிறுவனங்களுக்கு எதிராகத் தொடுக்கப்படும் காலநிலை மாற்ற வழக்குகளைப் பற்றிச் செய்தி வெளியிடும் ஊடகங்களுக்கும், அவ்வூடகங்களுக்கு நிதி வழங்கும் அறக்கட்டளைகள், பரப்புரை அமைப்புகள், தொழில் நிறுவனங்கள் ஆகியவற்றுக்கும் இடையேயான தொடர்புகளைக் குறிக்கும். இத்தொடர்புகள் பற்றிய விவாதம் பெரும்பாலும் ஐக்கிய அமெரிக்காவில் நிகழ்ந்தது. 2015 ஆம் ஆண்டில் எக்சான்மோபில் நிறுவனத்தைப் பற்றி வெளிவந்த இரு புலனாய்வுத் தொடர்களும், அவற்றைத் தொடர்ந்த அரசு விசாரணைகளும் வழக்குகளும் இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

காலநிலை வழக்குகளின் எண்ணிக்கை அண்மைக் காலத்தில் விரைந்து உயர்ந்துள்ளது. ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டம், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் சபின் மையத்துடன் இணைந்து 2023 இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2017 இல் 884 ஆக இருந்த வழக்குகள் 2022 இறுதியில் 2,180 ஆக உயர்ந்தன. இவற்றுள் பெரும்பாலானவை ஐக்கிய அமெரிக்காவில் தொடுக்கப்பட்டவை. அந்நாட்டில் எண்ணெய் நிறுவனங்களுக்கு எதிரான வழக்குகளின் மையக் குற்றச்சாட்டு, புதைபடிவ எரிபொருட்களால் புவி வெப்பமடையும் என்பதை நிறுவனங்கள் அறிந்திருந்தும் பொதுமக்களிடம் ஐயத்தைப் பரப்பின என்பதாகும். நிறுவனங்கள் எதை எப்போது அறிந்தன என்ற கேள்விக்கான சான்றுகளில் ஒரு பகுதி செய்தியாளர்களால் திரட்டப்பட்டது. இதனால் செய்தியாளர்களுக்கு யார் நிதி வழங்கினார்கள் என்பதும் வழக்காடுமன்றங்களில் வாதப்பொருளாயிற்று.

இதே காலத்தில் அமெரிக்க நாளிதழ்கள் விளம்பர வருவாயை இழந்து சுற்றுச்சூழல் செய்தியாளர்களின் எண்ணிக்கையைக் குறைத்தன. அவ்விடத்தை நிரப்ப இலாப நோக்கற்ற செய்தி நிறுவனங்கள் தோன்றின. இவை விளம்பரத்தை நம்பாமல், அறக்கட்டளைகளின் நல்கைகளையும் வாசகர் நன்கொடைகளையும் நம்பி இயங்குகின்றன. சுற்றுச்சூழலில் ஈடுபாடு கொண்ட அறக்கட்டளைகள் பல, செய்தி நிறுவனங்களுக்கும் பரப்புரை அமைப்புகளுக்கும் ஒருசேர நிதி வழங்குவதுண்டு. சிக்கல் தோன்றும் இடம் இதுவே.

எக்சான் பற்றிய புலனாய்வுகள்

டேவிட் சசூன் 2007 இல் தொடங்கிய இன்சைட் கிளைமேட் நியூஸ் என்ற இலாப நோக்கற்ற செய்தி நிறுவனம், கலமசூ ஆற்றில் 2010 இல் நேர்ந்த எண்ணெய்க் கசிவு பற்றிய கட்டுரைகளுக்காக 2013 இல் புலிட்சர் பரிசு பெற்றது. 2015 செப்டம்பர் 16 அன்று இந்நிறுவனம் எக்சான் பற்றிய தொடரைத் தொடங்கியது. எக்சானின் அறிவியலாளர் ஜேம்ஸ் பிளாக் 1977 இல் நிறுவன மேலாளர்களிடம் கார்பனீராக்சைடின் விளைவுகளை எடுத்துரைத்ததையும், கடலிலும் காற்றிலும் கார்பனீராக்சைடை அளவிட நிறுவனம் 1979 இல் ஒரு எண்ணெய்க் கப்பலில் கருவிகளைப் பொருத்தியதையும் அத்தொடர் உள் ஆவணங்களின் துணையுடன் விவரித்தது. பின்னாளில் இதே நிறுவனம் காலநிலை அறிவியலை ஐயுறும் அமைப்புகளுக்கு ஆதரவளித்தது என்றும் அது காட்டியது. இத்தொடர் 2016 இல் பொதுச்சேவைக்கான புலிட்சர் பரிசின் இறுதிச்சுற்றுக்குத் தேர்வாயிற்று.

2015 அக்டோபரில் கொலம்பியா பல்கலைக்கழக இதழியல் பள்ளியின் ஆய்வுக் குழு ஒன்று லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழுடன் இணைந்து தனியாக ஒரு தொடரை வெளியிட்டது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் உள்ள எக்சானின் வரலாற்று ஆவணத் தொகுப்பும், கனடாவின் கல்கரி நகரிலுள்ள ஆவணக் காப்பகமும் இதற்குப் பயன்பட்டன.

நிதி வழங்கியவர்கள்

கொலம்பியா குழுவுக்கு நிதி வழங்கியோருள் ராக்பெல்லர் குடும்ப நிதியம், ராக்பெல்லர் சகோதரர்கள் நிதியம், ஓப்பன் சொசைட்டி அறக்கட்டளை, எனர்ஜி அறக்கட்டளை ஆகியவை அடங்கும். இன்சைட் கிளைமேட் நியூசுக்கும் ராக்பெல்லர் சகோதரர்கள் நிதியம் நல்கை வழங்கியிருந்தது.

இதில் ஒரு வரலாற்று முரண் உண்டு. ஜான் டி. ராக்பெல்லர் 1870 இல் நிறுவிய ஸ்டாண்டர்டு ஆயில் நிறுவனம் 1911 இல் உச்சநீதிமன்றத் தீர்ப்பால் பல நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டது. அவற்றுள் நியூ ஜெர்சி நிறுவனமே 1972 இல் எக்சான் என்ற பெயரைப் பெற்று, 1999 இல் மோபிலுடன் இணைந்தது. அக்குடும்பத்தின் செல்வத்தில் உருவான நிதியங்களே பின்னர் அந்நிறுவனத்தைப் பற்றிய ஆய்வுக்கு உதவின. ராக்பெல்லர் குடும்ப நிதியம் 2016 மார்ச்சில் எக்சானில் வைத்திருந்த பங்குகளை விலக்குவதாக அறிவித்தது.

அந்நிதியத்தின் தலைவர் டேவிட் கைசரும் இயக்குநர் லீ வாசர்மனும் 2016 டிசம்பரில் நியூயார்க் ரிவ்யூ ஆஃப் புக்ஸ் இதழில் இரு கட்டுரைகள் எழுதினர். எண்ணெய் நிறுவனங்கள் எதை எப்போது அறிந்தன என்பதை ஆராயவே கொலம்பியா குழுவுக்குப் பணம் அளித்ததாக அவற்றில் வெளிப்படையாகக் கூறினர். செய்தியாளர்களின் முடிவுகளில் தாம் தலையிடவில்லை என்றும், மாநிலத் தலைமை வழக்கறிஞர்களிடம் தமது கவலையைத் தெரிவித்ததாகவும் அவர்கள் எழுதினர். இக்கட்டுரைகளை இரு தரப்பும் தமக்குச் சாதகமாக மேற்கோள் காட்டுகின்றன. ஒரு தரப்பு இதனை ஒளிவுமறைவற்ற தன்மைக்குச் சான்றாகக் கொள்கிறது. மறு தரப்பு, செய்தியும் விசாரணையும் ஒரே கையால் ஊக்குவிக்கப்பட்டதற்குச் சான்றாகக் கொள்கிறது.

பரப்புரை அமைப்புகளுடன் தொடர்பு

2012 ஜூன் மாதம் கலிபோர்னியாவின் லா ஹோயா நகரில், அக்கறையுள்ள அறிவியலாளர் ஒன்றியமும் காலநிலைப் பொறுப்புடைமை நிறுவனமும் ஒரு பயிலரங்கை நடத்தின. புகையிலை நிறுவனங்களுக்கு எதிரான வழக்குகளில் உள் ஆவணங்கள் ஆற்றிய பங்கை எடுத்துக்காட்டி, எண்ணெய் நிறுவனங்களின் உள் ஆவணங்களை வெளிக்கொணர்வதன் தேவையை அதில் பங்கேற்றோர் ஆராய்ந்தனர். அதன் அறிக்கை அதே ஆண்டு வெளியிடப்பட்டது.

2016 ஜனவரியில் ராக்பெல்லர் குடும்ப நிதியத்தின் நியூயார்க் அலுவலகத்தில் செயற்பாட்டாளர்களின் கூட்டம் ஒன்று நடைபெற்றது. எக்சான் மீதான பொதுமக்களின் நம்பிக்கையைக் குலைப்பது அதன் நோக்கங்களுள் ஒன்று என்பது கசிந்த மின்னஞ்சல் வழியாக அதே ஆண்டு ஏப்ரலில் செய்தியாயிற்று. 2015 தொடர்கள் இக்கூட்டத்துக்கு முன்பே வெளிவந்துவிட்டன என்பதும், லா ஹோயா பயிலரங்குக்குப் பின்னர் வெளிவந்தவை என்பதும் காலவரிசையில் கருதத்தக்கன.

எக்சானின் எதிர்வினை

2015 நவம்பரில் எக்சான் துணைத்தலைவர் கென் கோகன் கொலம்பியா பல்கலைக்கழகத் தலைவருக்குக் கடிதம் எழுதினார். செய்தியாளர்கள் ஆவணங்களிலிருந்து தமக்கு ஏற்ற பகுதிகளை மட்டும் எடுத்தனர் என்றும், நிதி வழங்கியோரின் நோக்கம் போதிய அளவு தெரிவிக்கப்படவில்லை என்றும் அதில் குற்றம்சாட்டினார். இதழியல் பள்ளியின் முதல்வர் ஸ்டீவ் கோல் இக்குற்றச்சாட்டுகளை விரிவாக மறுத்து டிசம்பரில் பதில் எழுதினார்.

நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் எரிக் ஷ்னைடர்மன் 2015 நவம்பரில் எக்சானின் ஆவணங்களைக் கோரி அழைப்பாணை அனுப்பினார். மாசச்சூசெட்சு தலைமை வழக்கறிஞர் மவுரா ஹீலி 2016 இல் விசாரணையைத் தொடங்கினார். செயற்பாட்டாளர்களும் அதிகாரிகளும் கூட்டாகச் சதி செய்து தனது பேச்சுரிமையைப் பறிப்பதாகக் கூறி எக்சான் இருவர் மீதும் வழக்குத் தொடுத்தது. நியூயார்க் நடுவண் நீதிமன்ற நீதிபதி வேலரி கப்ரோனி 2018 மார்ச்சில் அவ்வழக்கைத் தள்ளுபடி செய்தார். தலைமை வழக்கறிஞர்கள் தீய நோக்குடன் செயல்பட்டனர் என்ற முடிவுக்கு வர எக்சான் முன்வைத்தவை போதா என்று அவர் கருதினார்.

2016 ஜூலையில் அமெரிக்க மக்களவையின் அறிவியல் குழுத் தலைவர் லமார் ஸ்மித், இரு தலைமை வழக்கறிஞர்களுக்கும் பல சுற்றுச்சூழல் அமைப்புகளுக்கும் அழைப்பாணைகள் அனுப்பினார். 2018 ஜனவரியில், தன்மீது வழக்குத் தொடுத்த கலிபோர்னிய நகர, மாவட்ட அதிகாரிகளை விசாரிக்க அனுமதி கோரி எக்சான் டெக்சாஸ் நீதிமன்றத்தை அணுகியது. லா ஹோயா பயிலரங்கு அம்மனுவில் முக்கிய இடம் பெற்றது. அதிகார வரம்பு இல்லை என்ற அடிப்படையில் டெக்சாஸ் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020 இல் அக்கோரிக்கையை ஏற்க மறுத்தது.

நீதிமன்றத் தீர்ப்பும் செய்தியும்

நியூயார்க் மாநிலம் 2018 அக்டோபரில் எக்சான் மீது வழக்குத் தொடுத்தது. 2019 டிசம்பர் 10 அன்று நீதிபதி பாரி ஆஸ்ட்ரேகர், எக்சான் முதலீட்டாளர்களை ஏமாற்றியது மெய்ப்பிக்கப்படவில்லை எனத் தீர்ப்பளித்தார். பசுங்குடில் வளிகளை வெளியிடுவதில் எக்சானுக்கு உள்ள பொறுப்பிலிருந்து இத்தீர்ப்பு அதனை விடுவிக்கவில்லை என்றும் அவர் குறிப்பிட்டார்.

இத்தீர்ப்பு 2015 செய்தித் தொடர்களைப் பொய்யாக்கியது என்று சிலர் எழுதியதுண்டு. உண்மையில் அவ்வழக்கு வேறொரு கேள்வியைப் பற்றியது. எதிர்காலக் காலநிலைக் கட்டுப்பாடுகளின் செலவை எக்சான் முதலீட்டாளர்களிடம் ஒருவாறாகவும் உள் கணக்கில் வேறாகவும் காட்டியதா என்பதே அங்கு ஆராயப்பட்டது. 1970களின் அறிவியல் ஆய்வுகள் பற்றிய செய்தி அங்கு விசாரணைப் பொருளன்று. மாசச்சூசெட்சு மாநிலம் 2019 இல் தொடுத்த வழக்கைத் தொடர அம்மாநில மேல் நீதிமன்றம் 2022 இல் அனுமதித்தது.

ஆவணங்களைப் பற்றிய சர்ச்சையை ஆர்வார்டு பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி சுப்ரான், நவோமி ஒரெஸ்கெஸ் ஆகியோர் 2017 இல் ஆராய்ந்தனர். எக்சானின் 187 ஆவணங்களை ஒப்பிட்ட அவர்கள், உள் ஆவணங்களில் 80 விழுக்காடு மனிதரால் காலநிலை மாறுவதை ஏற்கையில், நாளிதழ்களில் வெளியிட்ட கட்டுரை வடிவ விளம்பரங்களில் 81 விழுக்காடு ஐயத்தை வெளிப்படுத்தின எனக் கண்டனர். இவ்வாய்வுக்கும் ராக்பெல்லர் குடும்ப நிதியம் நிதி வழங்கியிருந்தது. அது கட்டுரையிலேயே தெரிவிக்கப்பட்டிருந்தது.

தொழில்துறையின் செய்தித்தளங்கள்

நிதித் தொடர்பு ஒரு தரப்புக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க எண்ணெய் உற்பத்தியாளர் சங்கம் ஒன்று 2009 இல் தொடங்கிய எனர்ஜி இன் டெப்த் என்ற தளம், காலநிலை வழக்குகளையும் அவற்றுக்கு நிதி அளிப்போரையும் தொடர்ந்து விமர்சித்து எழுதி வந்துள்ளது. அமெரிக்கத் தேசிய உற்பத்தியாளர் சங்கம் 2017 இல் இவ்வழக்குகளை எதிர்ப்பதற்கெனத் தனித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. கலிபோர்னியாவின் ரிச்மண்ட் நகரில் பெரிய எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும் செவ்ரான் நிறுவனம், அந்நகருக்காக ரிச்மண்ட் ஸ்டாண்டர்டு என்ற செய்தித்தளத்தை 2014 இல் தொடங்கியது. அதே நகரம் 2018 ஜனவரியில் செவ்ரான் உள்ளிட்ட நிறுவனங்கள் மீது காலநிலை வழக்குத் தொடுத்தது. ஒரு வழக்கின் பிரதிவாதியே வாதியின் ஊரில் செய்தி வெளியிடுபவராகவும் இருக்க முடியும் என்பதை இது காட்டுகிறது.

பிற நல்கை ஏற்பாடுகள்

2019 இல் கொலம்பியா ஜர்னலிசம் ரிவ்யூ, தி நேசன் ஆகிய இதழ்கள் கவரிங் கிளைமேட் நவ் என்ற ஊடகக் கூட்டமைப்பைத் தொடங்கின. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனம் 2022 பிப்ரவரியில், ஐந்து அமைப்புகளிடமிருந்து மூன்று ஆண்டுகளுக்கு 80 இலட்சம் டாலருக்கு மேல் பெற்றுக் காலநிலைச் செய்திக்கென இருபதுக்கும் மேற்பட்ட செய்தியாளர்களை அமர்த்துவதாக அறிவித்தது. வழங்கியோருள் ராக்பெல்லர் அறக்கட்டளையும் ஒன்று. இது மேற்கூறிய இரு ராக்பெல்லர் நிதியங்களிலிருந்து வேறானது. இம்மூன்றையும் ஒன்றாகக் கருதி எழுதுவது இத்துறையில் அடிக்கடி காணப்படும் பிழையாகும்.

வழக்கறிஞர்களுக்கும் நல்கைகள் சென்றுள்ளன. பல நகரங்களுக்காக வாதாடும் சான் பிரான்சிஸ்கோவின் ஷெர் எட்லிங் நிறுவனம், வழக்கு வென்றால் கிடைக்கும் பங்கை நம்பி வாதாடுவதோடு, அறக்கட்டளைகள் நிதி அளிக்கும் ஒரு கூட்டு நிதியிலிருந்தும் உதவி பெற்றது.

வெளிப்படுத்தல் நெறிகள்

இலாப நோக்கற்ற செய்தி நிறுவனங்கள் பொதுவாக இரு நெறிகளைப் பின்பற்றுகின்றன. முதலாவது, நிதி திரட்டுவோரையும் ஆசிரியர் குழுவையும் பிரித்து வைத்தல். இரண்டாவது, நன்கொடையாளரின் பெயரை வெளியிடுதல். இலாப நோக்கற்ற செய்திகளுக்கான நிறுவனம் தன் உறுப்பினர்கள் ஆண்டுக்கு 5,000 டாலரும் அதற்கு மேலும் வழங்குவோரின் பெயர்களை வெளியிட வேண்டும் என விதித்துள்ளது.

அமெரிக்க வரிச் சட்டமும் ஓரளவு உதவுகிறது. தனியார் அறக்கட்டளைகள் தாம் வழங்கும் நல்கைகளை ஆண்டு வரி அறிக்கையில் பட்டியலிட வேண்டும். அவ்வறிக்கை பொதுமக்கள் பார்வைக்கு உரியது. ஆனால் நன்கொடையைப் பெறும் பொது அமைப்பின் அறிக்கையில் நன்கொடையாளர் பெயர்கள் மறைக்கப்படலாம். ஆகவே நிதியின் தடத்தைப் பெறுபவரிடமிருந்து தேடுவதைக் காட்டிலும் வழங்குபவரிடமிருந்து தேடுவது எளிது. பணம் ஒரு இடைநிலை நிதியத்தின் வழியே சென்றால் அதன் தொடக்கத்தை அறிவது கடினமாகும்.

விவாதம்

திறனாய்வாளர்களின் வாதம், செய்தி, ஆய்வு, பரப்புரை, வழக்கு ஆகிய நான்குக்கும் ஒரே அறக்கட்டளைகள் நிதி அளிக்கும்போது, தனித்தனிச் சான்றுகளாகத் தோன்றுபவை ஒரே ஊற்றிலிருந்து வந்தவையாகலாம் என்பதாகும். எதைப் பற்றி எழுதுவது என்ற தேர்விலேயே நிதியின் செல்வாக்கு செயல்படும் என்றும், ஒவ்வொரு வரியும் உண்மையாக இருந்தாலும் எழுதப்படாதவை கணக்கில் வராமல் போகும் என்றும் அவர்கள் கூறுகின்றனர். மறுதரப்பினர், விளம்பரத்தை நம்பிய நாளிதழ்களும் செல்வாக்குக்கு உட்பட்டவையே என்றும், மூல ஆவணம் முன்வைக்கப்பட்ட பின் அதைத் தேடியவருக்கு ஊதியம் அளித்தவர் யார் என்பது ஆவணத்தின் உண்மையை மாற்றாது என்றும் பதிலளிக்கின்றனர்.

இவ்விரு வாதங்களும் வெவ்வேறு கேள்விகளுக்கு விடை கூறுகின்றன. நிதி வழங்கியவர் யார் என்பது ஒரு செய்தி ஏன் எழுதப்பட்டது என்பதை விளக்கலாம். அச்செய்தி உண்மையா என்பதை ஆவணங்களும் சாட்சிகளும் தீர்மானிக்கின்றன. இதனால் இத்தகைய செய்திகளைப் படிப்போர், வெளியிட்ட நிறுவனத்தின் நன்கொடையாளர் பட்டியலையும் செய்தியில் இணைக்கப்பட்ட மூல ஆவணத்தையும் தனித்தனியே சரிபார்ப்பது பயனுடையதாகும்.