மசோதாவுக்கு நாள் குறிப்பது யார்?

ஒரு மசோதாவைத் தோற்கடிக்க யாரும் அதை எதிர்த்து வாக்களிக்கணும்னு அவசியமே இல்லை. அது அவைக்கு வர்றதுக்கு நாள் குறிக்காம விட்டாலே போதும். இன்னிக்கு நாம பேசப்போறது அந்த நாள் குறிக்கிற அதிகாரத்தைப் பத்தி. இடம், அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபை.

அங்கே விதிகள் குழுன்னு ஒண்ணு இருக்கு. பேரைக் கேட்டா குமாஸ்தா வேலை மாதிரி தோணும். ஆனா மத்த குழுக்கள் மாசக்கணக்கா உட்கார்ந்து தயாரிச்ச முக்கியமான மசோதாக்கள் எப்போ அவைக்கு வரணும், எத்தனை மணி நேரம் விவாதிக்கணும், என்ன திருத்தம் கொண்டுவரலாம்னு முடிவு பண்றது இவங்கதான். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்தக் குழுவில் மொத்தம் 5 பேர். தலைவர் சபாநாயகரேதான்: குடியரசுக் கட்சியின் ஜோசப் கேனன், இல்லினாய்ஸ்காரர். மத்த குழுக்களில் யார் இருக்கணும்னு நியமிக்கிறதும் அவரேதான். அவரைப் பகைச்சுக்கிட்டவர் கதி என்னன்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

1910 மார்ச் 17, செயின்ட் பேட்ரிக் தினம். கேனனின் ஆட்கள் பலர் அவையில் இல்லை. அதற்குச் சற்று முன்னால்தான் கேனன் தரப்பு ஒரு வாதம் வைத்திருந்தது: மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பற்றி அரசியல் சாசனமே பேசுவதால், அது குறித்த மசோதாவை வரிசையை மீறி உடனே எடுக்கலாம் என்று. நெப்ராஸ்கா உறுப்பினர் ஜார்ஜ் நாரிஸ், கேனனின் சொந்தக் கட்சிக்காரர், அந்த வாதத்தை அப்படியே திருப்பிப் போட்டார். அவை தன் விதிகளைத் தானே வகுக்கலாம்னும் அதே சாசனம்தானே சொல்லுது? அப்போ விதிகளை மாற்றும் என் தீர்மானத்தையும் உடனே எடுங்க! பல நாளா சட்டைப்பையிலேயே வைத்திருந்த தீர்மானம் அது. ராத்திரி முழுக்க வாக்குவாதம். கேனன் தன் ஆட்களை ஊரெல்லாம் தேடிப் பிடிக்க வேண்டியதாயிற்று. 19-ஆம் தேதி தீர்மானம் 191-க்கு 156 என்று நிறைவேறியது. குழு 10 பேராக விரிந்தது, உறுப்பினர்களை அவையே தேர்ந்தெடுக்கும், சபாநாயகருக்கு அதில் இடமில்லை.

ஜனநாயகம் ஜெயிச்சதுன்னு இங்கேயே முடிச்சுக்கலாம். பல புத்தகங்கள் அப்படித்தான் முடிக்குது. ஆனா சபாநாயகர் கையிலிருந்து போன சாவி அவைக்கு வரலை, குழுத் தலைவரின் பைக்குப் போச்சு.

1955 முதல் அந்தத் தலைவர் வர்ஜீனியாவின் ஹோவர்ட் ஸ்மித். ஜனநாயகக் கட்சி, ஆனா கறுப்பின மக்களின் சிவில் உரிமைகளுக்குப் பரம எதிரி. 1957-ல் சிவில் உரிமை மசோதா குழுவுக்கு வந்த சமயம் மனிதர் காணாமல் போய்விட்டார். பண்ணையில் களஞ்சியம் எரிஞ்சுபோச்சாம், பார்க்கப் போயிருக்காராம். தலைவர் இல்லாம கூட்டம் இல்லை. மசோதாவைத் தடுக்க ஸ்மித் எதுவும் செய்வார்னு தெரியும், தன் களஞ்சியத்துக்கே தீ வைப்பார்னு நினைக்கலைன்னு வாஷிங்டனில் ஒரு கிண்டல் உலவியது. அவர் ஊரில் இருக்கும்போதும் நிலைமை பெரிசா மாறலை. 12 பேர் குழுவில் ஸ்மித்தும் மிசிசிப்பியின் வில்லியம் கோல்மரும் 4 குடியரசுக் கட்சிக்காரர்களோடு சேர்ந்தால் 6-க்கு 6. சமநிலை வந்தாலே மசோதா அங்கேயே படுத்துடும்.

1961 ஜனவரி 31 அன்று, 79 வயது சபாநாயகர் சாம் ரேபர்ன் குழுவை 15 பேராக்கும் தீர்மானத்தை வாக்கெடுப்புக்கு விட்டார். 217-க்கு 212. வெறும் 5 வாக்கு வித்தியாசம்! அப்படியும் கூட்டத்தைக் கூட்டும் அதிகாரம் ஸ்மித்திடமே இருந்தது. 1963 கடைசியில் மறுபடியும் ஒரு சிவில் உரிமை மசோதா அவரிடம் சிக்கியது. இந்த முறை எதிர்த்தரப்பு ஒரு மனுவைக் கையிலெடுத்தது. 218 பேர், அதாவது அவையில் பாதிக்கு மேல், கையெழுத்துப் போட்டால் குழுவைத் தாண்டி மசோதாவை அவைக்கே இழுத்துவிடலாம். கையெழுத்து ஏற ஏற, குழுவுக்குள்ளேயும் நெருக்கடி கூடியது. ஸ்மித் 1964 ஜனவரியில் விசாரணையைத் தொடங்கினார். பிப்ரவரி 10 அன்று அவை 290-க்கு 130 என்று மசோதாவை ஏற்றது. இவ்வளவு பெரிய ஆதரவு இருந்த மசோதா, ஒரே ஒருத்தர் கூட்டம் போடாததால் வாரக்கணக்கில் காத்துக்கிடந்தது.

சரி, அவைக்கு வந்த பிறகாவது எல்லாம் வெளிச்சத்தில் நடந்ததா? அதுவும் இல்லை. நம்ம சட்டமன்றத்தில் 'ஏற்போர் ஆம் என்க' கேட்டிருப்பீங்க, அந்த மாதிரி குரல் வாக்கெடுப்பு அங்கேயும் உண்டு. திருத்தங்களுக்கு இன்னொரு முறையும் இருந்தது. உறுப்பினர்கள் நடைபாதையில் வரிசையாக நடந்து போவார்கள், தலையை எண்ணுவார்கள், பெயரைக் குறிக்க மாட்டார்கள். ஊரில் போய் நான் உங்க பக்கம்தான் வாக்களிச்சேன்னு சொன்னா, யார் மறுக்கிறது? சில அமைப்புகள் பார்வையாளர் மாடத்தில் ஆள் உட்கார வைத்து, முகத்தைப் பார்த்துப் பெயரை மனப்பாடம் பண்ணச் சொன்ன கதையெல்லாம் உண்டு.

1970-ன் சட்டமியற்றல் சீரமைப்புச் சட்டம்தான் அந்த வாக்குகளிலும் பெயரைப் பதியவைத்தது. பலன் உடனே தெரிஞ்சது. ஒலியைவிட வேகமாகப் பறக்கும் பயணிகள் விமானத்துக்கான நிதி, பெயரில்லாத வாக்கில் 1970-ல் தப்பிப் பிழைத்தது. 1971 மார்ச்சில் பெயரோடு வாக்கெடுத்தபோது 217-க்கு 203 என்று வெட்டுப்பட்டது. அந்த ஒரு வருஷத்தில் திட்டத்துக்கு எதிர்ப்பு வளர்ந்தது உண்மைதான். ஆனாலும் பெயர் வெளியே வரும் என்ற பயத்துக்கு அதில் பெரிய பங்குண்டு என்பது என் கணிப்பு. 1973 ஜனவரியில் மின்னணு வாக்குப்பதிவும் வந்தது. தாமஸ் எடிசன் 1869-லேயே வாக்குப் பதிவுக் கருவிக்குக் காப்புரிமை வாங்கியிருந்தார், அவருடைய முதல் காப்புரிமையே அதுதான். நாடாளுமன்றம் வேண்டாம்னுடுச்சு. மெதுவாக வாக்கெடுப்பதில்தானே சிறுபான்மைக்கு ஆள் திரட்ட நேரம் கிடைக்குது!

அப்புறம் சாவிக்கு என்ன ஆச்சு? 1974 டிசம்பரில் ஜனநாயகக் கட்சி ஒரு முடிவெடுத்தது. ஸ்மித் மாதிரி இன்னொருத்தர் வரக்கூடாது, அதனால் விதிகள் குழுவுக்கான நம்ம கட்சி உறுப்பினர்களைச் சபாநாயகரே முன்மொழியட்டும் என்று. இன்று அந்தக் குழுவில் 13 பேர், 9 பேர் ஆளும் தரப்பு, 4 பேர் எதிர்த்தரப்பு. அது சபாநாயகரை மீறுவது அபூர்வம். கேனன் இருந்திருந்தால் சிரித்திருப்பார். உறுப்பினர்களின் அலுவலகங்கள் இருக்கும் கட்டடங்களில் ஆகப் பழையதற்கு அவர் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள்.