சாமிப் பாட்டுக்கு எத்தனை பெயர்!



மேடையில் ஒரு பிள்ளை இறைவாழ்த்துப் பாடி முடித்தால், "நல்லா சாமிப் பாட்டு பாடுச்சு" என்று பாராட்டுகிறோம். கோயிலில் ஓதுவார் பாடுவதும் சாமிப் பாட்டு, வெள்ளிக்கிழமை பஜனையும் சாமிப் பாட்டு, கரகம் எடுக்கையில் உடுக்கை அடித்துப் பாடுவதும் சாமிப் பாட்டு என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிவிட்டோம். நம் முன்னோர் அப்படிக் கட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வைத்தார்கள். தேவாரத்தை ஓதுவார்கள், திவ்வியப் பிரபந்தத்தைச் சேவிப்பார்கள், கீர்த்தனையைப் பாடுவார்கள், பஜனையைச் செய்வார்கள்.

சம்பந்தர், அப்பர், சுந்தரர் பாடல்களுக்குத் 'தேவாரம்' என்ற பெயரே பிற்காலத்தில் வந்ததுதான். சோழர் கல்வெட்டுகளில் அவற்றின் பெயர் 'திருப்பதியம்'. தஞ்சைப் பெரிய கோயிலில் திருப்பதியம் பாட 48 பேரை நியமித்தான் முதலாம் ராசராசன். கூடவே உடுக்கை வாசிக்க ஒருவர், கொட்டி மத்தளம் வாசிக்க ஒருவர், ஆக 50 பேர். ஒவ்வொருவருக்கும் நாள் ஒன்றுக்கு மூன்று குறுணி நெல் சம்பளம். அந்தக் கல்வெட்டில் 'பாட' என்றுகூட இல்லை. 'விண்ணப்பம் செய்ய' என்றே இருக்கிறது. சாமியிடம் மனுக் கொடுப்பது மாதிரி! 48 பேர் இறைவன் முன் பாட நின்றார்கள் என்றால், கூடிப் பாடும் இசை நமக்குப் புதியதல்ல என்று தெரிகிறதல்லவா?

அந்த ராசராசனின் மகன் ராசேந்திரன்தான் 1025-ஆம் ஆண்டு வாக்கில் கடாரத்தின் மேல் படை அனுப்பியவன். கடாரம் என்றால் நம்ம கெடாதான். மெர்போக்கில் பூஜாங் பள்ளத்தாக்குச் சண்டி இருக்கிறது. பிள்ளைகளை ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள், ரொம்ப தூரமில்லை.

பஜனையின் கதை வேறு. தஞ்சாவூர்ப் பக்கத்தில் கோவிந்தபுரம் போதேந்திரர், திருவிசநல்லூர் ஸ்ரீதர ஐயாவாள், பிறகு மருதாநல்லூர் சத்குரு சுவாமிகள் ஆகியோர் நாமத்தைச் சொல்லிப் பாடும் முறையை வளர்த்தார்கள். ஒருவர் முன்னே பாடுவார், மற்றவர்கள் பின்னே வாங்கிப் பாடுவார்கள். ஏடு வேண்டாம், எழுத்துத் தெரிய வேண்டாம், ஜால்ரா ஒன்று போதும். விடியுமுன் பெரட்டுக்கு நிற்கவேண்டிய பால்மரத் தொழிலாளிக்கு இதைவிடப் பொருத்தமான பாட்டு முறை கிடைக்குமா? லயத்துக் கோயில்களில் பஜனை வேரூன்றியதற்கு இது ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கிறிஸ்தவ நண்பர்கள் பெயர் வைத்த விதம் எனக்கு மிகவும் பிடிக்கும். 'பாமாலை' என்றால், ஜெர்மனி, இங்கிலாந்து முதலிய தேசங்களிலிருந்து வந்த மெட்டுக்குத் தமிழ்ச் சொல் அமைத்தது. 'கீர்த்தனை' என்றால் நம் நாட்டு ராகத்தில் அமைந்தது. இந்தக் கீர்த்தனைகளில் புகழ் பெற்றவர் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864). அவரும் சரபோஜி மன்னரும் சுவார்ட்ஸ் பாதிரியாரிடம் பாடம் கேட்டவர்கள். பைபிளில் தாவீதின் பாடல்களுக்குச் 'சங்கீதம்' என்று பெயர். ஆகவே ஒரு தேவாலயத்துப் பிள்ளை "சங்கீதம் படிச்சேன்" என்று சொன்னால், பாட்டு வாத்தியாரிடம் போனதாக நினைத்துவிடாதீர்கள்!

தமிழ் முஸ்லிம்கள் மௌலிது 'ஓதுகிறார்கள்'. இறைவனிடம் இறைஞ்சும் பாட்டு 'முனாஜாத்து'. குணங்குடி மஸ்தான் சாகிபு பராபரக் கண்ணி பாடினார். தாயுமானவரும் பராபரக் கண்ணி பாடினார். இரண்டடியில் அமைவது கண்ணி. மதம் வேறாக இருந்தாலும் பாட்டின் பெயர் ஒன்றாகவே இருந்தது.

இனி நம்ம தோட்டத்துக்கு வருவோம். அம்மனை அழைக்க உடுக்கை அடித்து, அவள் ஊரையும் உருவையும் பெருமையையும் அடுக்கிப் பாடுகிறார்களே, அதற்குப் பெயர் 'வர்ணிப்பு'. அதைக் கேட்டால் படித்தவர்கள் சிலர் முகம் சுளிக்கிறார்கள். தேவாரம் உயர்ந்தது, இது பாமரர் பாட்டு என்கிறார்கள். தேவாரம் உயர்ந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் பெரிய கோயிலில் திருப்பதியம் பாடியவர்களோடு நின்ற கருவி எது? இதே உடுக்கைதான்! சோழ மன்னன் நெல் அளந்து கொடுத்த கருவியைப் பார்த்து நாம் ஏன் வெட்கப்படவேண்டும்?

1938-இல் இந்திய அரசு தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை நிறுத்தியது. அதன்பிறகு வர்ணிப்புப் பாடுவோர் பெரும்பாலும் இந்த மண்ணிலேயே, அப்பனிடம் மகன் கேட்டுப் பழகியவர்கள். தேவாரத்துக்குப் புத்தகம் இருக்கிறது. 1965-இல் தொடங்கிய மலேசிய இந்து சங்கம் நடத்தும் திருமுறை ஓதும் போட்டியும் இருக்கிறது. மாரியம்மன் தாலாட்டும் அச்சில் கிடைக்கிறது. வர்ணிப்போ பெரும்பாலும் வாயிலேதான் வாழ்கிறது. தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ரப்பர் போய்ச் செம்பனை வந்து, குடும்பங்கள் தாமான்களுக்குக் குடிபோனபோது, பாடுகிறவர் ஓர் ஊரிலும் பின்பாட்டுக்காரர் வேறோர் ஊரிலுமாகச் சிதறிவிட்டார்கள்.

மாணவர்களே, உங்கள் வீட்டுத் தாத்தாவுக்கோ, கோயில் பூசாரிக்கோ வர்ணிப்புத் தெரிந்திருக்கலாம். அடுத்த திருவிழாவுக்குக் காப்புக் கட்டுமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவரிடம் போங்கள். "தாத்தா, மெதுவாச் சொல்லுங்க, எழுதிக்கிறேன்" என்று கேளுங்கள். முதல் பக்கத்தில் பாட்டின் பெயரையும், அதை அவர் யாரிடம் கற்றார் என்பதையும் எழுதிக்கொள்ளுங்கள்.